நீர்மூழ்கியில் நிரந்தரக் குடித்தனமா, மிதக்கும் வீடா? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கடலுக்கடியில் குடியிருக்க ஆசைப்படுபவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம், அதில் நானும் ஒருவன். காசு இருக்கிறது, கரையை விட்டுப் போகவும் தயார், சொந்தமாக ஒரு நீர்மூழ்கி வாங்கி அதிலேயே காலம் முழுக்கத் தங்கிவிடலாமா என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வது? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீர்மூழ்கியைப் போக்குவரத்துக்கு வாங்கலாம், குடியிருக்க வாங்க வேண்டாம். கடலடியில் வீடுதான் வேண்டும் என்றால் வேறு வழிகள் உண்டு: கடல் தரையில் நிலையாக நிற்கும் கூடம், மேலே மிதந்தபடி கீழே ஒரு அறை வைத்திருக்கும் வீடு, அப்புறம் சாதாரணப் பாய்மரப் படகில் வாழ்ந்துகொண்டு வேண்டும்போது மட்டும் நீருக்குள் போவது. நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று புரியும்.

நீர்மூழ்கியில் முதல் சிக்கல் எடை, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. நீருக்குள் மூழ்க வேண்டுமென்றால் அது இடம்பெயர்க்கும் தண்ணீரின் எடைக்குச் சமமாக அதுவும் எடை இருக்க வேண்டும். ஒரு கனமீட்டர் கடல்நீர் சுமார் 1025 கிலோ. 400 சதுர அடியில், 7 அடி உயரத்தில், ஒரு சின்ன ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட் அளவுக்கு இடம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது கிட்டத்தட்ட 80 கனமீட்டர், அதாவது அந்த வெற்றிடத்தை மட்டும் நீருக்குள் கொண்டுபோக 80 டன்னுக்கு மேல் எடை வேண்டும். இதில் இன்னும் எஞ்சின் இல்லை, பேட்டரி இல்லை, டீசல் தொட்டி, கழிவுத் தொட்டி, மளிகை வைக்கும் இடம் எதுவும் இல்லை. தரையில் ஒரு அறை கூட்டிக் கட்டினால் செங்கல்லும் சிமெண்டும்தான் செலவு, இங்கே ஒவ்வொரு கனமீட்டர் தாராளத்துக்கும் ஒரு டன் எடையைக் கூடவே சுமந்து திரிய வேண்டும். அதனால்தான் உலகத்தில் இருக்கும் பெரும்பாலான நீர்மூழ்கிகளும் நெருக்கடியாக இருக்கின்றன.

நம்மூர் உதாரணம் ஒன்று. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000, மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டிய வாகனம். ஆட்கள் உட்காரும் உருண்டையின் விட்டம் 2.1 மீட்டர். சாதாரணமாக 12 மணி நேரம், அவசரத்துக்கு 96 மணி நேரம் தாங்கும்படி திட்டமிட்டிருக்கிறார்கள். மிக ஆழத்துக்குப் போவதற்காகச் செய்தது என்பதால் அது இவ்வளவு சின்னது, சரி. ஆனால் பெரிய கப்பலை எடுத்துக்கொண்டாலும் நிலைமை பெரிதாக மாறாது. விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் ஐஎன்எஸ் குர்சுரா 91 மீட்டர் நீளம், சுமார் 75 பேர் வேலை பார்த்த கப்பல். 1969 முதல் 2001 வரை கடற்படையில் இருந்தது. இந்த ஆசை உள்ள எல்லோரும் ஒருமுறை அதற்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்துவிட்டு வர வேண்டும் என்று நான் மனதாரச் சொல்வேன். அவ்வளவு நீளக் கப்பலில் மனிதனுக்கென்று ஒதுக்கிய இடம் எவ்வளவு, குழாய்க்கும் வால்வுக்கும் ஒதுக்கிய இடம் எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது காற்று. எல்லோரும் ஆக்சிஜனைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள், உண்மையில் அது சுலபமான பகுதி. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 0.84 கிலோ, ஏறக்குறைய 600 லிட்டர் போதும். கொரோனா காலத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நாம் பார்த்த அந்தப் பெரிய உருளையில் சுமார் 7000 லிட்டர் இருக்கும், ஒரு ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் தாராளமாக வரும். ஆளைக் கொல்வது நாம் வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடு. மேலே சொன்ன 80 கனமீட்டர் இடத்தில் இரண்டு பேர் அடைபட்டு இருந்தால், அதை நீக்கும் ஏற்பாடு இல்லாதபோது ஒரே நாளில் அது 1 சதவீதத்தைத் தாண்டிவிடும். வெளிக்காற்றில் இருப்பது 0.04 சதவீதம்தான். 3 சதவீதத்தை நெருங்கும்போது தலைவலியும் மூச்சிரைப்பும் தொடங்கும். இதை உறிஞ்ச சோடா லைம் என்ற சுண்ணாம்புக் கலவையைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 கிலோ கணக்கு வைத்தால், இரண்டு பேருக்கு மாதம் கால் டன். ஒருமுறை உறிஞ்சியது மறுபடி உதவாது. அணுசக்தி நீர்மூழ்கிகள் கடல்நீரிலிருந்தே ஆக்சிஜன் பிரித்தெடுக்கும், கார்பன் டை ஆக்சைடை ரசாயனக் கரைசலில் உறிஞ்சிக் கடலில் தள்ளும், அதனால் மாதக்கணக்கில் மூழ்கியே இருக்கும். பிரிட்டனின் வார்ஸ்பைட் 1982-83-ல் 111 நாள் தொடர்ந்து நீருக்கடியில் இருந்தது. அதற்கு உள்ளே ஒரு அணு உலை இருந்தது, நமக்கு அது கிடைக்காது. அணு உலை இல்லாமல், ஹைட்ரஜன் எரிபொருள் கலத்தில் ஓடும் ஜெர்மானியக் கடற்படையின் யு-32 கூட 2013-ல் 18 நாள்தான் மேலே வராமல் இருந்தது.

காற்று என்றால் மூச்சு மட்டும் இல்லை, சமையலும்தான். கடுகு தாளித்தால் அந்தப் புகை எங்கே போகும்? மிளகாய் வறுத்தால்? வீட்டில் ஜன்னலைத் திறந்துவிடுவோம். மூடிய கலத்தில் எண்ணெய்ப் புகையும், பெயிண்ட் வாசனையும், கொசுமருந்து ஸ்பிரேயும் எல்லாமே உள்ளேயே சுற்றும், வடிகட்டினால்தான் போகும். காஸ் அடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை, அது ஆக்சிஜனையும் தின்னும், கார்பன் மோனாக்சைடையும் விடும். அதோடு வெளிச் சுவர் கடலின் குளிரில் இருக்கும், உள்ளே நம் மூச்சும் சமையலும் ஈரத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும், சுவர் முழுக்க வியர்த்து வழியும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் நாள் முழுக்க ஓடாவிட்டால் பாய், துணி, புத்தகம் எல்லாம் பூஞ்சை பிடிக்கும்.

மின்சாரத்துக்குப் பேட்டரி, பேட்டரிக்கு டீசல், டீசல் எஞ்சினுக்குக் காற்று. ஆகவே மேலே வந்தே தீர வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து நீர்மூழ்கிகள் பெரும்பாலும் நீர்மேல் ஓடும் கப்பல்களாகவே வாழ்ந்தன, தேவைப்பட்டபோது மட்டும் மூழ்கின. தனியார் நீர்மூழ்கியும் அப்படித்தான் வாழும். இங்கேதான் எனக்குப் பெரிய வருத்தம், ஏனென்றால் நீர்மேல் இருக்கும்போது நீர்மூழ்கியைப் போல மோசமான படகு கிடையாது. உருளை வடிவ உடல் அலையில் இப்படியும் அப்படியும் உருளும். மேல்தளம் தண்ணீர் மட்டத்துக்கு மிக அருகில் இருக்கும், கதவைத் திறந்து வைத்தால் அலை உள்ளே வரும். ஈய-அமில பேட்டரியில் உப்புத்தண்ணீர் பட்டால் குளோரின் வாயு கிளம்பும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளின் பெரும்பகுதியை நீர்மேல் கழிக்கப்போகிறோம் என்றால், நீர்மேல் நன்றாக இருக்கும் படகைத்தானே வாங்க வேண்டும்?

சரி, பணம் கொட்டினால் தீராதா? ஓரளவு தீரும். நெதர்லாந்தின் யூ-போட் வொர்க்ஸ் 2022-ல் அறிவித்த நாட்டிலஸ் என்ற சொகுசு நீர்மூழ்கித் திட்டம் 37.5 மீட்டர் நீளம், 200 மீட்டர் ஆழம், விலை சுமார் 2.5 கோடி யூரோ, நம் கணக்கில் 200 கோடி ரூபாய்க்கு மேல். அதிலும் மூழ்கியிருக்கும் நேரத்தை நாள்கணக்கில்தான் சொன்னார்கள், மாதக்கணக்கில் இல்லை. மிகாலூ என்று 165 மீட்டர் நீளத்துக்கு ஒரு மூழ்கும் உல்லாசக் கப்பலின் படங்கள் இணையத்தில் சுற்றுகின்றன, அது வெறும் வரைபடம், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். மறுபக்கம் கையால் கட்டியவர்களும் உண்டு. ஜெர்மனியில் யூரோநாட் என்று 16 மீட்டர் டீசல்-மின் நீர்மூழ்கியைத் தனி ஆர்வலர் ஒருவர் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்து முடித்தார். அவரை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அது கடலடி ஆய்வுப் பயணங்களுக்காகக் கட்டியது. பழைய ராணுவ நீர்மூழ்கியை மலிவாக வாங்கும் யோசனை இருந்தால், இங்கிலாந்தின் மெட்வே ஆற்றில் பல ஆண்டுகளாகத் துருப்பிடித்து நிற்கும் தனியார் வசமுள்ள பழைய சோவியத் நீர்மூழ்கியின் படங்களைத் தேடிப் பாருங்கள். குர்சுராவின் அதே ரகம்தான் அது.

ஜன்னலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீனைப் பார்க்கத்தானே இவ்வளவும். ஆட்கள் இருக்கும் அழுத்தக் கலங்களின் அக்ரிலிக் ஜன்னல்களுக்கு அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் வகுத்த விதிகளே உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. அதன்படி வழக்கமான வடிவமைப்பு ஆயுள் 10 ஆண்டு, 10,000 அழுத்தச் சுழற்சி (ஒருமுறை மூழ்கி மேலே வருவது ஒரு சுழற்சி), அழுத்தத்தில் இருக்கும் மொத்த நேரம் 40,000 மணி. சுற்றுலா நீர்மூழ்கிக்கு இது தாராளம். நிரந்தரமாக மூழ்கியிருக்கும் வீட்டுக்கு 40,000 மணி என்பது நாலரை ஆண்டு! சோதித்து நீட்டிக்க வழியுண்டு, ஆனால் அதற்குக் கலத்தைக் கரையேற்ற வேண்டும், அதுவரை நீங்கள் வேறு எங்காவது தங்க வேண்டும். இப்படிப்பட்ட விதிகளையும் சான்றிதழையும் சுமையாக நினைத்து ஒதுக்கினால் என்ன நடக்கும் என்பதை 2023 ஜூனில் உள்நோக்கி நொறுங்கிய டைட்டன் நீர்மூழ்கி காட்டியது. எந்த வகைப்பாட்டு அமைப்பின், அதாவது கப்பல்களைச் சோதித்துத் தரச் சான்று கொடுக்கும் அமைப்பின், சான்றும் இல்லாத கார்பன் ஃபைபர் உடல், ஐந்து உயிர்.

இதையெல்லாம் சமாளித்துவிட்டீர்கள் என்றே வைப்போம். எங்கே நிறுத்துவீர்கள்? எனக்கு எல்லாவற்றையும்விட முடிவான காரணம் இதுதான். 1982-ன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 20-வது பிரிவு, இன்னொரு நாட்டின் கரையோரக் கடலில், அதாவது கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் கடந்துபோகும் நீர்மூழ்கி நீர்மேல் வந்து கொடியைக் காட்டிக்கொண்டே போக வேண்டும் என்கிறது. பவளப்பாறையும் வெளிச்சமும் அமைதியான விரிகுடாவும் இருப்பது பெரும்பாலும் அந்த 12 கடல் மைலுக்குள்தான். அதைத் தாண்டினால் சுதந்திரம் உண்டு, ஆனால் தரை கீழே போய்விடும். கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல்தரையான கண்டத்திட்டின் விளிம்பில் சுமார் 200 மீட்டர், அதற்கப்பால் கிலோமீட்டர் கணக்கில் ஆழம், உட்காரத் தரை கிடையாது, நகர்ந்துகொண்டோ அந்தரத்தில் நிலைநிறுத்திக்கொண்டோ இருக்க வேண்டும், தூங்கும்போதும்கூட. சாதாரண ரேடியோ அலை கடல்நீரில் ஊடுருவாது என்பதால் மேலே ஒரு மிதவை விடாமல் இணையமும் இல்லை, போனும் இல்லை.

கண்டத்திட்டிலேயே தரையில் படுத்துக்கொள்ளலாமே என்றால் அங்கே இழுவலைப் படகுகள் இருக்கின்றன. 1990 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கிளைட் கடல்முகத்தில், பயிற்சியில் இருந்த பிரிட்டிஷ் நீர்மூழ்கி டிரென்சண்ட், ஆன்டாரஸ் என்ற மீன்பிடிப் படகின் வலையில் சிக்கி அந்தப் படகையே கீழே இழுத்துவிட்டது. நான்கு மீனவர்கள் இறந்தார்கள். நல்ல சோனாரும் (ஒலியை வைத்துச் சுற்றிலும் இருப்பதை அறியும் கருவி) பயிற்சி பெற்ற ஆட்களும் இருந்த கடற்படைக் கப்பலுக்கே இந்தக் கதி. என் ஆசைக்காக ஒரு மீனவக் குடும்பம் அழக்கூடாது என்பது எனக்கு மிக முக்கியம், இந்த ஒன்றுக்காகவே நான் மீன்பிடி நடக்கும் கடலில் ரகசியமாக மூழ்கி வாழும் யோசனையை ஏற்க மாட்டேன்.

ஆக, நிலையான கடலடிக் கூடம் எப்படி? இதற்குத்தான் பெருமையான வரலாறு இருக்கிறது. பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் ழாக் கூஸ்தோவின் குழு 1962-ல் மார்செய் அருகே 10 மீட்டர் ஆழத்தில் இரண்டு பேரை ஒரு வாரம் தங்க வைத்தது, அடுத்த ஆண்டு சூடான் கரையோரச் செங்கடலில் ஒரு மாதம். 1970-ல் அமெரிக்காவின் டெக்டைட் கடலடிக் கூடத் திட்டத்தில் கடல் உயிரியலாளர் சில்வியா ஏர்ல் தலைமையில் பெண்கள் மட்டுமே அடங்கிய குழு கடலடியில் தங்கி ஆய்வு செய்தது. ஃபுளோரிடாவில் சுமார் 19 மீட்டர் ஆழத்தில் அக்வாரியஸ் கூடம் இருக்கிறது. அதே ஃபுளோரிடாவின் கீ லார்கோவில் ஜூல்ஸ் அண்டர்சீ லாட்ஜ் என்ற கடலடித் தங்குமிடத்தில் அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் டிட்டூரி 2023-ல் 100 நாள் தங்கினார்.

இவற்றின் அழகு என்னவென்றால் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமும் வெளியே தண்ணீரின் அழுத்தமும் ஒன்று. அதனால் தரையில் ஒரு திறந்த வாசல் வைக்கலாம், தண்ணீர் உள்ளே ஏறாது, முக்குளிக்கும் கருவியை மாட்டிக்கொண்டு நேராகப் பவளப்பாறைக்குள் இறங்கலாம். சாதாரண நீர்மூழ்கியில் இது நடக்காது, அங்கே கண்ணாடி வழியாகப் பார்க்க மட்டும்தான் முடியும். ஆனால் இதற்கான விலையை உடம்பு கொடுக்க வேண்டும். அழுத்தத்தில் நாள்கணக்கில் இருக்கும்போது ரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரஜன் நிறைந்துவிடும், நினைத்த மாத்திரத்தில் மேலே வர முடியாது. அக்வாரியஸில் இருந்து வெளியே வர அழுத்தம் குறைக்கும் நேரம் மட்டும் சுமார் 17 மணி. நெஞ்சுவலி வந்தால்? ஊரில் அம்மாவுக்கு முடியவில்லை என்று செய்தி வந்தால்? இதைவிட ஆழம் குறைந்த இடத்தில் வைத்தால் அந்தக் காத்திருப்பு சுருங்கும், ஒழியாது. மேலிருந்து காற்று, மின்சாரம், கண்காணிக்கும் ஆட்கள் எல்லாம் வேண்டும். ஆராய்ச்சிக்குப் பொன்னான இடம், குடும்பத்தோடு வாழ ஏற்றதில்லை.

மூன்றாவது வழியைத்தான் நான் முதலில் வைப்பேன்: மேலே மிதக்கும் வீடு, கீழே சாதாரணக் காற்றழுத்தத்திலேயே இருக்கும் அறை, நடுவில் ஏணியோ படிக்கட்டோ. ஸ்வீடன் கலைஞர் மிக்கேல் கென்பர்க் 2000-ல் மேலாரென் ஏரியில் செய்த உட்டர் இன் என்ற மிதக்கும் விடுதியில் படுக்கையறை 3 மீட்டர் கீழே. அவருடைய வடிவமைப்பிலேயே தான்சானியாவின் பெம்பா தீவருகே மிதக்கும் அறை ஒன்று 2013 முதல் இருக்கிறது, அங்கே படுக்கையறை 4 மீட்டர் கீழே, சுற்றிலும் ஜன்னல். பனாமாவில் ஜெர்மானியப் பொறியாளர் ரூடிகர் கோக் இதே முறையில் 11 மீட்டர் ஆழத்தில் 30 சதுர மீட்டர் அறையில் 120 நாள் இருந்துவிட்டு 2025 ஜனவரியில் வெளியே வந்தார். சோலார் மின்சாரம், செயற்கைக்கோள் இணையம், மேலிருந்து படிக்கட்டு வழியாக வந்த சாப்பாடு. அழுத்தம் குறைக்கும் நேரம் எதுவும் தேவைப்படவில்லை. டிட்டூரியின் 100 நாளைவிட இந்த 120 நாள் எனக்கு முக்கியமாகப் படுவது அதனால்தான்.

எடைக் கணக்கும் இங்கே மாறிவிடுகிறது. கீழே இருக்கும் அறைக்கு மட்டும்தான் எடை கட்ட வேண்டும், சமையலறை, பேட்டரி, துணி காயும் இடம் எல்லாம் மேலே. தாளிக்கலாம், ஜன்னலைத் திறக்கலாம். ஆழம் குறைவாக இருக்கிறதே என்று வருந்தவும் வேண்டாம். தண்ணீரில் சிவப்பு நிறம் முதல் சில மீட்டரிலேயே மங்கத் தொடங்கும், ஆழம் போகப் போக நீலம் மட்டும்தான் மிஞ்சும், 200 மீட்டரில் பகலே கிட்டத்தட்ட இருட்டு. மீனும் பவளமும் வண்ணத்தோடு நன்றாகத் தெரிவது ஆழம் குறைந்த தண்ணீரில்தான்.

குறை இல்லையா என்றால் உண்டு. ஜன்னலில் பாசியும் சிப்பியும் ஒட்டும், அடிக்கடி யாராவது இறங்கித் துடைக்க வேண்டும். புயல் வந்தால் நகர முடியாது, அதனால் புயல் பாதையில் இருக்கும் கடலில் இது கூடாது, பாறைத்திட்டுக்குப் பின்னால் ஒதுங்கிய காயல் வேண்டும். அனுமதி அதைவிட முக்கியம். 2019-ல் தாய்லாந்தின் புக்கெட்டுக்கு அப்பால், 12 கடல் மைலுக்கு வெளியே இருப்பதாக நம்பி ஒரு ஜோடி மிதக்கும் வீடு வைத்தார்கள். நாட்டின் இறையாண்மையை மீறியதாகக் கடற்படை குற்றம் சாட்டியது, அவர்கள் தப்பி ஓட வேண்டியதாயிற்று, வீட்டையும் கடற்படை அப்புறப்படுத்திவிட்டது. அதே முயற்சியின் தொடர்ச்சிதான் பிறகு பனாமாவில் நடப்பது. நாடற்ற வாழ்க்கை வேண்டும் என்பதற்காகக் கடலுக்குப் போகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. மீனோடு வாழ வேண்டும் என்பவர்கள் ஒரு நாட்டின் அனுமதியோடு அதன் கரையருகே இருப்பதே நல்லது.

நான்காவது வழி சுருக்கமானது. ஊர் ஊராகச் சுற்றவும் வேண்டும், கடலடியும் வேண்டும் என்றால் 12 மீட்டர் பாய்மரப் படகும் முக்குளிக்கும் பயிற்சியும் போதும். பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையான 40 மீட்டருக்குள் உலகத்தின் பவளப்பாறைகளில் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். பணம் உள்ளவர் பெரிய படகு எடுத்து, 100 மீட்டர் இறங்கக்கூடிய இரண்டு பேர் நீர்மூழ்கி ஒன்றை அதில் ஏற்றிக்கொள்ளலாம், இரண்டு மூன்று டன் தூக்கும் கிரேன் இருந்தால் சரி. காலையில் இறங்கி மாலையில் ஏறிவிடுவதால் காற்று, ஈரம், கழிவு என்று மேலே சொன்ன தொல்லைகளில் பெரும்பாலானவை வராது. நீர்மூழ்கியைப் போக்குவரத்துக்கு வாங்குங்கள் என்றது இதைத்தான்.

இந்த நான்கில் எனக்கு என்று கேட்டால் மிதக்கும் வீடு, தனியாக இருந்தால் பாய்மரப் படகு. குழந்தை இருந்தால், வயதானவர்கள் கூட இருந்தால், மிதக்கும் வீட்டிலும் கரைக்கு 20 நிமிடத்துக்குள் போய்ச் சேரும் தூரத்தைத் தாண்ட மாட்டேன். வாங்கப் போகும்போது விற்பவரிடம் ஜன்னலையும் படுக்கையையும் பற்றிக் கேட்பதற்கு முன் சில கேள்விகளைக் கேளுங்கள்: கீழ் அறையில் தண்ணீர் புகுந்தால் பம்ப் எத்தனை, ஒன்று நின்றால் மற்றது தானாக ஓடுமா, கீழ் அறை முழுக்க நிரம்பினாலும் மேல் வீடு மிதக்குமா, நங்கூரச் சங்கிலியைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள், எந்த வகைப்பாட்டு அமைப்பு சான்று கொடுத்தது, காப்பீடு எழுத யார் சம்மதித்தார்கள். நிரம்பினாலும் மிதக்கும் என்பதற்குக் கணக்கைத் தாளில் காட்டாதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.